டெத் வேலியின் வண்ண முகடுகள்: துருவும் தண்ணீரும்

பிப்ரவரி கடைசி வாரத்தில் தனியாக டெத் வேலிக்குப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா போனில் கேட்டார்: “அங்க பார்க்க என்னடா இருக்கு?”

“கல்லும்மா.”

“கல்லைப் பார்க்கவா அவ்வளவு தூரம்? கூட யாரும் வரலையா?”

யாரும் வரவில்லை. லாஸ் வேகாஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். கூப்பிட்ட நண்பர்கள் எல்லாரும் வேகாஸோடு நின்றுவிட்டார்கள். கல்லைப் பார்க்கத்தான் போனேன் என்பதும் உண்மை. ஆனால் ஒரு பகல் முழுக்க அந்த முகடுகளில் ஏறி இறங்கியபின், நான் பார்த்தது பெரும்பாலும் தண்ணீரின் வேலையைத்தான் என்று தோன்றியது. அன்று அங்கே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

டெத் வேலி கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டி, வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பள்ளம். அதன் அடிமட்டமான பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த நிலம் அதுதான். அங்கே நின்றுகொண்டு மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பனமின்ட் மலைத்தொடரின் டெலஸ்கோப் சிகரம் 3,366 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் பனியோடு நிற்கிறது. கிழக்கே இருப்பது பிளாக் மவுன்டன்ஸ், அதாவது கருமலை. பெயரைக் கேட்டுக் கறுப்பாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதன் மேற்குச் சரிவிலும் வடக்கு அடிவாரத்திலும் மஞ்சள், காவி, ரோஜா, சாம்பல் பச்சை, நாவல்பழ நிறம் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. ஓவியரின் தட்டு என்று பெயர்பெற்ற ஆர்டிஸ்ட்ஸ் பேலட் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. நான் நடந்தது அதற்கு வடக்கே, கோல்டன் கேன்யன் வழியாக ஏறி, மான்லி பீக்கன் என்ற கூம்பு முகட்டின் தோள் வழியாகப் போய், கோவர் கல்ச் என்ற காட்டாற்றுப் படுகையில் இறங்கித் திரும்பும் சுற்று. சுமார் 7 கிலோமீட்டர். நடுவில் செம்மலைச் சுவரான ரெட் கதீட்ரல்வரை போய்வந்தால் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் சேரும்.

எப்போது போவது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. 1913 ஜூலை 10 அன்று இந்தப் பள்ளத்தாக்கின் ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலக சாதனை வெப்பநிலையாக ஏற்கப்பட்டிருக்கிறது. கோடையில் காலை 10 மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் நடக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே எழுதிவைத்திருக்கிறது. கேட்காமல் போய் கோல்டன் கேன்யன் வாசலிலேயே விழுந்து இறந்தவர்கள் உண்டு. பிப்ரவரி முற்றிலும் வேறு கதை. பகலில் 22, 23 டிகிரி, விடிகாலையில் 8. நம் கொடைக்கானல் காலை மாதிரி ஒரு ஸ்வெட்டரோடு தொடங்கி, பத்து மணிக்கு அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். சூரியன் இன்னும் தாழ்வாகவே போவதால் நிழல் நீளம். நிறங்கள் எடுப்பாகத் தெரிய அந்தச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும்.

பள்ளத்தாக்கின் பயங்கரமான பெயரே ஒரு குளிர்காலத்தில்தான் வந்தது. 1849 டிசம்பரில், கலிஃபோர்னியாவில் தங்கம் என்று கிளம்பிய வண்டிக்கூட்டம் ஒன்று குறுக்குவழி தேடி இதற்குள் சிக்கிக்கொண்டது. வில்லியம் லூயிஸ் மான்லி, ஜான் ரோஜர்ஸ் என்ற இருவர் கால்நடையாகவே வெளியேறி, உணவும் உதவியும் தேடிக்கொண்டு 26 நாள் கழித்துத் திரும்பிவந்து மிச்சமிருந்த குடும்பங்களை மீட்டார்கள். 1850 பிப்ரவரியில் அவர்கள் கடைசியாகத் திரும்பிப் பார்த்து, “மரணப் பள்ளத்தாக்கே, போய்வருகிறோம்” என்று சொன்னதாக வழக்கு. உண்மையில் பள்ளத்தாக்கில் அவர்கள் இழந்த உயிர் ஒன்று என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதே கூட்டம் ஜூலையில் வந்திருந்தால் பெயர் வைக்க ஆளே மிஞ்சியிருக்காது. குளிர்காலம் காப்பாற்றியது. நான் ஏறப்போகும் கூம்பு முகட்டுக்கு மான்லியின் பெயர்.

காலை ஏழு மணிக்குக் காரை நிறுத்தியபோது வேறு இரண்டே வண்டிகள். கேன்யன் மேற்கு பார்த்துத் திறந்திருக்கிறது, அதனால் உள்ளே இன்னும் வெயில் இறங்கவில்லை. முதல் சில நூறு மீட்டரில் காலடியில் ஒரு விசித்திரம். சரளைக் கற்களுக்கு நடுவில், ஒடிந்த முறுக்கு மாதிரி, தார்ச்சாலையின் துண்டுகள். ஒருகாலத்தில் இதற்குள் கார் போகச் சாலை இருந்திருக்கிறது. 1976 பிப்ரவரியில் நான்கு நாள் மழை. மொத்தமே 58 மில்லிமீட்டர் அளவுதான், சென்னையில் ஒரு மாலை மழை. அந்த மழை கேன்யனுக்குள் வெள்ளமாகத் திரண்டு வந்து சாலையைப் பெயர்த்துக்கொண்டு போனது. அதன்பிறகு சாலையைத் திரும்பப் போடவில்லை, நடைபாதையாகவே விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு என்றுதான் சொல்வேன்.

இந்த ஊருக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையே சுமார் 55 மில்லிமீட்டர். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் சியரா நெவாடாவில் ஏறி மழையைக் கொட்டுகிறது, அப்புறம் இன்னும் இரண்டு மூன்று தொடர்களைத் தாண்டி, கடைசியில் பனமின்ட்டையும் தாண்டி இறங்கும்போது பிழிந்த துணியாகத்தான் வந்து சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கிற நமக்கு மழைமறைவு புதிதல்ல. ஆனால் ஒரு மலைக்குப் பதில் நாலு மலையைக் குறுக்கே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெத் வேலிதான் பதில்.

சரி, மழையே இல்லாத இடத்தில் தண்ணீர் என்ன செய்துவிட முடியும்? கேன்யனின் சுவரைப் பார்த்தால் தெரியும். நுழைந்து கொஞ்ச தூரத்தில், ஓரிடத்தில் பாறைப் பலகை ஒன்று செங்குத்தாகச் சாய்ந்து நிற்கிறது. அதன் முகம் முழுக்கச் சின்னச்சின்ன அலைவரிகள். விரலை வைத்துத் தடவினேன். குளக்கரையில் தண்ணீர் வற்றியபின் சேற்றில் பதிந்திருக்குமே, அதே வரிகள், அதே இடைவெளி. இது ஒரு பழைய ஏரியின் ஆழமற்ற கரை. சுமார் 50 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் ஏரி இருந்தது. அதில் படிந்த வண்டல், எரிமலைச் சாம்பல், உப்பு எல்லாம் சேர்ந்து இறுகியதுதான் இந்த மஞ்சள் குன்றுகள். புவியியலாளர்கள் இதற்கு ஃபர்னஸ் கிரீக் படிவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிடையாகப் படிந்த சேறு இப்போது சுவராக நிற்கிறது என்றால், நடுவில் நிலம் என்ன பாடுபட்டிருக்க வேண்டும்!

அந்தப் பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தப் பகுதி பூமியின் மேலோடு இழுபட்டு மெலிந்துகொண்டிருக்கும் இடம். பள்ளத்தாக்கின் வடக்கிலும் தெற்கிலும் இரண்டு நிலப்பிளவுகள், ஒன்றுக்கொன்று நேர்கோட்டில் இல்லாமல் விலகி, பக்கவாட்டில் நகர்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட துண்டு பிய்கிறது. இரண்டு பேர் ஒரே பரோட்டாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நடுப்பகுதி மெலிந்து தொங்குமே, அதுதான் பேட்வாட்டர். 1966இல் பர்ச்ஃபீல், ஸ்டூவர்ட் என்ற இரு புவியியலாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. பள்ளம் கீழே இறங்க, கிழக்கே கருமலை மேலேறியது. அதன் ஓரத்தில் இருந்த ஏரிச்சேறும் தூக்கி நிறுத்தப்பட்டுச் சாய்ந்தது.

இப்போது நிறத்துக்கு வருவோம். நான் போனதே இதற்காகத்தான்.

மஞ்சள், ஆரஞ்சு, காவி, சிவப்பு, ரோஜா. இந்த ஐந்துக்கும் காரணம் ஒரே பொருள்: இரும்பு. எளிதாகச் சொன்னால் துரு. இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹெமடைட் ஆனால் சிவப்பு. அதே இரும்பு, படிகத்துக்குள் கொஞ்சம் நீரின் கூறையும் சேர்த்துக்கொண்டு கோதைட் ஆனால் மஞ்சள் அல்லது பழுப்பு. அதாவது மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தண்ணீர்தான். இதை நம் ஊரில் செங்கல் சூளை வைத்திருப்பவரிடம் விளக்கவேண்டியதே இல்லை. மங்கலான மஞ்சள் பழுப்பாக உள்ளே போகும் பச்சைக்கல், சூட்டில் நீர் வெளியேறிச் சிவப்பாக வருகிறது. மண்ணில் இருந்த மஞ்சள் இரும்பு, சூளைக்குள் சிவப்பு இரும்பாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரே ஹெமடைட்டிலும் துகள் மிக நுண்ணியதாக இருந்தால் பளிச்சென்ற சிவப்பு, துகள் பெருத்தால் ஊதா கலந்த கருஞ்சிவப்பு. ஆர்டிஸ்ட்ஸ் பேலட்டின் ஊதாவுக்கு மாங்கனீசைக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் இரும்பாலேயே ஊதாவைக் காட்டமுடியும் என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பச்சை கொஞ்சம் தந்திரமானது. செம்பு இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மயில்துத்த நிறம் பார்த்துப் பழகிய கண்ணல்லவா. ஆனால் இங்கே பச்சை என்பது எரிமலைச் சாம்பல் உருமாறிப் பிறந்த குளோரைட் வகைக் கனிமங்கள். அவற்றிலும் இருப்பது இரும்புதான், ஆக்சிஜன் குறைவாகக் கிடைத்த நிலையில் இருக்கும் இரும்பு. முழுதாகத் துருப்பிடித்தால் சிவப்பு, அரைகுறையாக நின்றுவிட்டால் பச்சை என்று சொன்னால் வேதியியல் ஆசிரியர் கோபித்துக்கொள்வார், ஆனாலும் மலையைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு உதவுகிறது.

இந்த உருமாற்றங்களுக்கெல்லாம் வெறும் காற்று போதாது. எரிமலைச் சூட்டில் காய்ந்த வெந்நீர், பாறை இடுக்குகளிலும் சாம்பல் அடுக்குகளிலும் நீண்ட காலம் ஊறி ஓடியிருக்கவேண்டும். எந்த அடுக்கில் எவ்வளவு தண்ணீர் போனது, எவ்வளவு சூடாகப் போனது, எதைக் கரைத்து எதை விட்டுச்சென்றது என்பதைப் பொறுத்து நிறம் அடுக்குக்கு அடுக்கு மாறுகிறது. பேலட்டில் பத்தடிக்கு ஒரு நிறம் தாவுவதற்குக் காரணம் இதுதான். பள்ளத்தாக்கின் வறட்சி பிறகு செய்த உபகாரம் ஒன்றே: அந்த நிறங்களின் மேல் புல் முளைக்கவிடாமல், மண் மூடவிடாமல் திறந்துவைத்தது. இதே பாறைகளைக் கொண்டுபோய் நீலகிரியில் வைத்தால் நாலு மழைக்காலத்தில் பச்சைப் போர்வைக்கடியில் காணாமல் போய்விடும்.

ஒரு இடைச்செருகல். இணையத்தில் நீங்கள் பார்க்கும் படங்களை நம்பி யாரும் டிக்கெட் போடவேண்டாம். அதில் பாதி, போனிலேயே நிறத்தைத் திருகி ஏற்றியவை. நேரில் நண்பகல் வெயிலில் இந்த மலைகள் வெளுத்துப்போய், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். காலையும் மாலையும் வாருங்கள், அல்லது மழை தூறிய மறுநாள் வாருங்கள். ஈரம் பட்ட கல்லின் நிறம் ஆழமாகத் தெரியும், கோலத்துக்கு இட்ட காவி காய்வதற்கு முன் தெரிவதைப்போல. குளிர்காலக் கடைசியில் அப்படி ஒரு நாள் வாய்க்கச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு. எனக்கு வாய்க்கவில்லை.

ஒன்றரை கிலோமீட்டர் நடந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் ரெட் கதீட்ரல். குறுகலான கற்களுக்கிடையே குனிந்து, ஓரிடத்தில் கையையும் ஊன்றி ஏறினால், எதிரே நிமிரமுடியாத உயரத்துக்கு ஒரு சிவப்புச் சுவர். மடிப்பு மடிப்பாக, புடவைக் கொசுவம் போல. கிட்டப் போய்த் தொட்டால் இது சேறு அல்ல என்பது தெரிகிறது. முட்டை அளவுக் கற்கள், பருப்பு அளவுக் கற்கள், மணல், எல்லாவற்றையும் துருவைப் பசையாகக் கொண்டு ஒட்டிவைத்த திரள்பாறை. மலையிலிருந்து வெள்ளம் அடித்துவந்து விசிறியாகப் பரப்பிய சரளை அது. மஞ்சள் சேற்றைவிட இது கெட்டி, அதனால்தான் சுற்றிலும் எல்லாம் கரைந்து போனபிறகும் சுவராக நிற்கிறது.

அந்தச் சுவரைப் படம் எடுத்து, ராத்திரி சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்கு அனுப்பினேன். “இது செங்காவி மாதிரில்ல இருக்கு” என்று பதில் வந்தது. அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கோலத்துக்கு ஓரம் கட்டும் காவியும் இதே ஹெமடைட்தான். பல நூறு ஆண்டுகளாக இங்கே வாழ்ந்துவரும் டிம்பிஷா ஷோஷோனி மக்கள் இந்தப் பள்ளத்தாக்கை அழைக்கும் பெயரின் பொருளே ‘பாறைச்சாயம்’. இந்த மலைகளில் கிடைக்கும் செங்காவிக் கல்லை அரைத்து அவர்கள் முகத்தில் பூசிக்கொண்டார்கள். அந்தக் காவியால்தான் இடத்துக்குப் பெயர், இடத்தால் மக்களுக்குப் பெயர். வழிதவறி ஒரு குளிர்காலம் சிக்கிய கூட்டம் மரணம் என்று பெயர் வைத்தது, வாழ்ந்தவர்கள் நிறம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வரைபடத்தில் நின்றது எது என்று சொல்லவேண்டியதில்லை. 1933இல் இது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டபோது அவர்களுடைய நிலமும் உள்ளே போனது. 1983இல்தான் அரசு அவர்களைத் தனி இனமாக அங்கீகரித்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஃபர்னஸ் கிரீக்கில் 314 ஏக்கரையும் வேறு இடங்களில் இன்னும் ஏழாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் திருப்பிக் கொடுத்தது. 1994இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட பரப்பு சுமார் 13,700 சதுர கிலோமீட்டர். கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிவுக்குத் திரும்பி, மான்லி பீக்கன் பக்கம் ஏறத் தொடங்கினேன். இங்கேதான் நடை உண்மையில் தொடங்குகிறது. பாதை ஓடைக்குழியிலிருந்து வெளியேறி, மஞ்சள் முகட்டின் முதுகில் ஏறுகிறது. இரண்டு பக்கமும் சரிவு, கூரை முகட்டில் நடப்பதுபோல. பின்னால் ரெட் கதீட்ரலின் சிவப்பு, தலைக்கு மேல் பீக்கனின் வெளிர்மஞ்சள் கூம்பு, முன்னால் சுருக்கம் சுருக்கமாக ஆயிரம் சின்ன வாய்க்கால்கள் இறங்கும் குன்றுகள். மண்ணைத் தொட்டுப்பார்க்க உட்கார்ந்தேன். மேலே பொரி ஒட்டியதுபோல ஒரு பொருக்கு. விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது, அடியில் கெட்டியான களி. நனைந்தால் ஊதுவதும் காய்ந்தால் சுருங்குவதுமாக இருக்கும் களிமண்ணின் குணம் இது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறதே, அதே குணம்தான். கரிசலில் மழை நின்று ஊறும், ஏனென்றால் தரை சமம். இங்கே சரிவு. முதல் தூறலிலேயே களி ஊதி, துளைகள் அடைத்துக்கொள்ள, மீதித் தண்ணீர் முழுவதும் மேலாகவே ஓடிவிடுகிறது. ஓடும்போது கோடு கிழிக்கிறது. உப்பும் சேர்ந்த களி என்பதால் பிடித்து நிறுத்த வேரும் இல்லை. ஒரு வருடத்தில் சில மணி நேரமே ஓடும் தண்ணீர் இத்தனை மடிப்புகளைச் செதுக்கியிருக்கிறது.

தோளைத் தாண்டி இறங்கும்போது வழி தவறினேன். பாதையைக் காட்ட அங்கங்கே குச்சிக்கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். நான் ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டே வந்ததில் ஒன்றைத் தவறவிட்டேன். தப்பான ஓடைக்குள் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தபின், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு குதிப்பு. கீழே குதிக்கலாம், திரும்ப ஏறமுடியாது. பார்க்கும் திசையெல்லாம் ஒரே மஞ்சள், ஒரே மாதிரி வாய்க்கால். போனில் சிக்னல் கிடையாது. அந்த நேரத்தில் கேட்ட ஒரே சத்தம் என் மூச்சு. பயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வயிற்றில் ஏதோ ஒன்று நகர்ந்தது. செய்யவேண்டியது ஒன்றுதான்: என் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்த வழியே மேலேறி, கடைசியாகப் பார்த்த கம்பத்துக்குப் போவது. இருபது நிமிடம் வீண். பிப்ரவரியில் அந்த இருபது நிமிடத்தின் விலை அரை லிட்டர் தண்ணீர், அவ்வளவே. ஜூலையில் கணக்கு வேறாக இருந்திருக்கும். தனியாக வருவதாக இருந்தால் தங்குமிடத்தில் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் வையுங்கள், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். குறுக்குவழி தேடினால் என்ன ஆகும் என்பதற்கு 1849 இருக்கிறது.

கோவர் கல்ச்சின் மேற்பகுதியில் குன்றுகளின் அடியில் சிறு சிறு குகை வாய்கள். இயற்கையானவை அல்ல, போராக்ஸ் தேடித் தோண்டியவை. உள்ளே போகவேண்டாம், பழைய சுரங்கம் எப்போது இடியும் என்று யாருக்கும் தெரியாது. ஏரி இருந்த காலத்தில் வெந்நீர் ஊற்றுகள் கரைத்துக்கொண்டுவந்த போரான், ஏரிச்சேற்றில் வெள்ளைப் படிவமாகத் தங்கியது. சலவைக்கும் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் தேவைப்பட்ட பொருள் அது. 1883 முதல் 1888 வரை ஃபர்னஸ் கிரீக் அருகே ஹார்மனி ஆலையில் போராக்ஸைக் காய்ச்சி, இருபது கழுதைகள் பூட்டிய வண்டிகளில் 265 கிலோமீட்டர் தள்ளி மொஹாவே ரயில் நிலையத்துக்கு அனுப்பினார்கள். கழுதை என்றால் நம் ஊர்க் கழுதை அல்ல, கோவேறு கழுதை. பதினெட்டுதான் கோவேறு கழுதை, வண்டியை ஒட்டிப் பூட்டிய இரண்டு குதிரைகள் என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். நிறங்களைப் பார்க்க எல்லாரும் போய் நிற்கும் சப்ரிஸ்கி முனைகூட ஒரு போராக்ஸ் நிறுவனத்தின் துணைத்தலைவர் பெயரில்தான் இருக்கிறது. சுரங்கத்தில் லாபம் குறைந்ததும் அதே நிறுவனம் 1927இல் இங்கே ஓட்டல் திறந்தது. வெட்டி எடுக்க முடியாததைக் காட்டிக் காசாக்கலாம் என்று புரிந்துகொண்டவர்கள்.

படுகையில் இறங்கியதும் ஒன்று கண்ணை உறுத்தியது. சுற்றிலும் மஞ்சள் களிமண் குன்றுகள், ஆனால் காலடியில் சாம்பல் நிறச் சரளை. இந்தக் குன்றுகளில் அந்தக் கல்லே கிடையாது. எங்கிருந்து வந்தது? இந்தச் சுற்றிலேயே சுவையான கதை இதுதான் என்பது என் கட்சி.

கோவர் கல்ச் முதலில் சின்ன ஓடை. அது நீர் வாங்கிய பரப்பு சுமார் 6 சதுர கிலோமீட்டர். பக்கத்திலேயே ஃபர்னஸ் கிரீக் காட்டாறு, சுமார் 440 சதுர கிலோமீட்டரிலிருந்து நீர் திரட்டி, கீழே ஓட்டலும் குடியிருப்பும் இருக்கும் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்தால் கட்டடங்களுக்கு ஆபத்து. 1941இல் சப்ரிஸ்கி முனைக்கு அருகே கரையை வெட்டி, அந்தக் காட்டாற்றைக் கோவர் ஓடைக்குள் திருப்பிவிட்டார்கள். தெருமுனைச் சாக்கடையில் ஊர் ஏரியின் கலிங்கைத் திறந்துவிட்டதற்குச் சமம். அன்றிலிருந்து இந்த ஓடை தன்னை அறுத்து அகலமாக்கிக்கொண்டே இருக்கிறது. களிமண் கரைகள் சரிகின்றன, அடியில் பள்ளம் ஆழமாகிறது, மேல்முனையில் அரிப்பு வெட்டுவாய் வரை ஏறுகிறது, கீழ்முனையில் பழைய விசிறிப் படிவைக் கிழித்துக்கொண்டு புதுவழி போகிறது. சாம்பல் சரளை அந்தக் காட்டாற்றோடு தூரத்து மலைகளிலிருந்து வந்தது. ஒரு சின்ன ஓடைக்குத் திடீரென்று எழுபது மடங்குக்கு மேல் நீர்ப்பரப்பைக் கொடுத்தால் என்ன செய்யும் என்பதை எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்துபார்க்கமுடியாது. அதனால் ஆய்வாளர்கள் விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்தெல்லாம் இதைப் படித்திருக்கிறார்கள். ஒரு ஓட்டலைக் காப்பாற்றச் செய்த வேலை, ஆற்றியலுக்குப் பாடமாகிவிட்டது.

அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை. 2004 ஆகஸ்டில் வந்த வெள்ளம் சப்ரிஸ்கி முனைக்குக் கீழே வாகனத்தில் இருந்த இருவரைக் கொன்று, நெடுஞ்சாலையைத் துண்டாக்கியது. 2022 ஆகஸ்ட் 5 அன்று ஒரே நாளில் 37 மில்லிமீட்டர், ஆயிரம் பேர் சிக்கிக்கொண்டார்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சத்தில் 56 மில்லிமீட்டர், ஒரு வருட மழை ஒரே நாளில். பூங்காவையே அக்டோபர் நடுவரை மூடவேண்டியதாயிற்று. பேட்வாட்டரின் உப்புத்தரையில் ஏரி ஒன்று தேங்கியது. வற்றிவிடும் என்று நினைத்தார்கள். 2024 பிப்ரவரி மழை அதை மறுபடி நிரப்ப, குளிர்காலக் கடைசியில் டெத் வேலியில் மக்கள் படகு ஓட்டினார்கள். கொஞ்ச நாளில் பலத்த காற்று அந்த ஏரியை இரண்டு மைல் தள்ளிக்கொண்டு போய் மெல்லிய நீர்ப்பரப்பாக்கிவிட்டது. அந்தக் காற்றோடு படகும் முடிந்தது. அதற்கும் லேக் மான்லி என்றுதான் பெயர். பனியுகத்தில் இதே பள்ளத்தில் 180 மீட்டர் ஆழத்துக்கு நின்ற ஏரியின் பெயர் அது.

படுகை குறுகி, சுவர்கள் நெருங்கி, திடீரென்று முடிகிறது. எதிரே வெட்டவெளி, கீழே சுமார் 9 மீட்டர் இறக்கம். தண்ணீர் வந்தால் அருவி, இப்போது வெறும் பாறை. விளிம்புக்கு முன்னாலேயே வலப்பக்கம் ஒரு ஒற்றையடிப் பாதை பாறையை ஒட்டிக் கழன்று போகிறது. நான் கொஞ்சநேரம் விளிம்பில் உட்கார்ந்து மிச்சமிருந்த ஆரஞ்சுப்பழத்தைச் சாப்பிட்டேன். உட்கார்ந்த கல் கண்ணாடி மாதிரி வழவழப்பு. சாம்பல் சரளை உருண்டு உருண்டு தேய்த்த வழவழப்பு. கீழே விசிறிப் படிவில் புதிதாகக் கீறிய தடம் ஒன்று வெள்ளை உப்புத்தரையை நோக்கிப் போனது, அதற்கப்பால் பனமின்ட்டின் பனி. மலையடிவாரத்தை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் நடந்து காருக்கு வந்தபோது மணி இரண்டு. வண்டி நிறுத்த இடமில்லாமல் சாலையோரம்வரை வரிசை.

பூங்காவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது, நானும் எடுக்கவில்லை. ஆனால் ராத்திரி அறையில் ஷூவைக் கழற்றினால் நடந்த பாதை முழுக்க அதில் இருந்தது. குளியலறையில் குழாயடியில் பிடித்தேன். முதலில் சாம்பல் தண்ணீர் வந்தது, அப்புறம் மஞ்சள், கடைசியில் தையல் இடுக்கிலிருந்து கொஞ்சம் சிவப்பு. இறங்கி வந்த வழியைத் தலைகீழாக. ஓடிக்கொண்டே இருந்த குழாயை மூடவேண்டும் என்று எனக்குக் கொஞ்சநேரம் தோன்றவே இல்லை.